கூட்டினால் 183: மூன்று ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிப் பார்த்த அனுபவம்

பிள்ளைக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கப் போகிறவர்கள் மூடியில் இருக்கும் கார் படத்தைப் பார்த்து நேரத்தைப் போக்காமல், உள்ளே இருக்கும் கோணமானியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அதன் பலன், ஒரு சாயங்காலம் முழுக்க ஏழு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, இரண்டு உட்கோணங்களைக் கூட்டினால் 180-க்குப் பதில் ஏன் 183 வருகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

கும்பகோணத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன், ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. (ஊர்ப் பேரிலேயே கோணம் இருக்கே மிஸ், அது எத்தனை பாகை என்று வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். இன்னும் எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.) வடிவியல் பாடம் ஆரம்பித்தால் பாதிப் பேர் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள், மீதிப் பேரின் பெட்டிக்குள் கவராயத்தின் ஊசியும் ஒரு புளிப்பு மிட்டாய்க் காகிதமும் மட்டும் இருக்கும். சரி, நம்மிடமே நாலைந்து இருக்கட்டும் என்று கடைவீதியில் மூன்று விதமான பெட்டிகள் வாங்கினேன். 70 ரூபாய்க்கு ஒரு தகரப் பெட்டி, 140 ரூபாய்க்கு நீலப் பிளாஸ்டிக் பெட்டி, 260 ரூபாய்க்குப் பெரிய அளவில் ஒன்று. கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஒரே கம்பெனியின் இந்தப் பெட்டி மோசமாகவும் அடுத்த பெட்டி தங்கமாகவும் இருக்கலாம், நான் பார்த்தது ஒன்றிரண்டுதான்.

பார்வைக்கு நீலப் பெட்டிதான் ராஜா. உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழி, கோணமானி கண்ணாடி மாதிரி தெளிவு, எண்கள் சிவப்பிலும் கருப்பிலும் பளிச்சென்று இருந்தன. பிள்ளைகள் அதற்குத்தான் அடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு எடுத்தது இணைகோடுகளும் குறுக்குவெட்டியும். நான் எப்போதும் செய்கிற முறைதான்: கோடு போட்ட நோட்டில் ஆறேழு வரி தள்ளி இரண்டு வரிகளைப் பேனாவால் அழுத்தி வரைந்துகொள்ள வேண்டும். இணைகோடு வரைகிற வேலை மிச்சம், நோட்டு அச்சடித்தவரே வரைந்து கொடுத்துவிட்டார். அளவுகோலைச் சாய்த்து வைத்து அந்த இரண்டையும் வெட்டுகிற மாதிரி ஒரு கோடு, அதுதான் குறுக்குவெட்டி. இப்போது இரண்டு வெட்டுப் புள்ளிகள், புள்ளிக்கு நான்காக எட்டுக் கோணங்கள். எட்டையும் அளந்து எழுதச் சொல்வேன். விளக்கம் எதுவும் கிடையாது. அளந்து முடித்ததும் ‘எத்தனை வேறு வேறு எண் வந்திருக்கு?’ என்று மட்டும் கேட்பேன். எட்டுக் கோணத்துக்கு இரண்டே எண்தான் வந்திருக்கும். அதைப் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடும் பாருங்கள், தாங்கள்தான் ஏதோ தப்பாக அளந்துவிட்டோம் என்று மறுபடி அளப்பார்கள். அதற்காகவே அந்தப் பாடத்தை எனக்குப் பிடிக்கும்.

அப்புறம்தான் பெயர்கள். ஒரே இடத்தில் எதிரெதிரே இருப்பவை குத்தெதிர்க் கோணங்கள். மேல் புள்ளியிலும் கீழ்ப் புள்ளியிலும் ஒரே மூலையில் இருப்பவை ஒத்த கோணங்கள், எஃப் எழுத்தைப் போல. இரண்டு கோடுகளுக்கும் நடுவே குறுக்குவெட்டியின் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்றால் ஒன்றுவிட்ட உட்கோணங்கள், இசட் போல. நடுவிலேயே இருந்து ஒரே பக்கம் இருப்பவற்றுக்குப் புத்தகத்தில் ‘குறுக்குவெட்டியின் ஒரே பக்கம் அமைந்த உட்கோணங்கள்’ என்று ரயில் பெட்டி நீளத்துக்குப் பெயர். நாங்கள் அதைப் ‘படுத்த ப’ என்போம். முதல் மூன்று வகையும் சமம், படுத்த ப மட்டும் கூட்டினால் 180.

ஆறு பிள்ளைகளுக்கு எல்லாம் ஒழுங்காக வந்தது. நீலப் பெட்டியைச் சண்டை போட்டு வாங்கிய பையன் மட்டும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். எட்டுக் கோணத்தில் நான்கு 63.5, நான்கு 119.5 என்று எழுதியிருந்தான். இரண்டே எண். ஒத்த கோணங்கள் சமம். ஒன்றுவிட்டவை சமம். குத்தெதிரும் சமம். ஆனால் படுத்த ப-வைக் கூட்டினால் 183.

‘கோடு சாஞ்சிருக்கும்டா’ என்றேன் யோசிக்காமல். நோட்டு அச்சு கோணலாக விழுவதும் நடக்கிறதுதானே. அவன் சும்மா இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். ‘இல்ல மிஸ், அந்தப் பக்கமும் 183தான் வருது’ என்றான்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. இரண்டு கோடுகளும் உண்மையிலேயே இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் 183 வந்தால் மறுபக்கம் 177 வர வேண்டும், 177 வருகிற பக்கமாகக் கோடுகளை நீட்டிக்கொண்டே போனால் எங்கேயாவது முட்டிக்கொள்ளும். யூக்ளிட் என்ற கிரேக்கக் கணித மேதை தன் ஐந்தாவது எடுகோளாகச் சொல்லி வைத்தது இதைத்தான்: எந்தப் பக்கம் உட்கோணங்களின் கூடுதல் இரண்டு செங்கோணத்துக்குக் குறைகிறதோ அந்தப் பக்கம் கோடுகள் சந்திக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் 180-ஐத் தாண்ட வழியே கிடையாது. ஏனென்றால் உட்கோணங்கள் நான்கு, ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டிரண்டு நேர்கோட்டில் உட்கார்ந்திருப்பவை, ஆக 180-ம் 180-ம் 360. கோடுகள் இணையோ இல்லையோ, அந்த 360-ஐ யாராலும் மாற்ற முடியாது. இவன் நோட்டில் 366 இருந்தது.

ஆகக் குற்றவாளி கோணமானி. வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடிக்கோடு பிளாஸ்டிக்கிலேயே மெல்லிய பள்ளமாக வார்க்கப்பட்டிருக்கிறது, பாகைக் கோடுகளையும் எண்களையும் அதற்கப்புறம் தனியாக அச்சிட்டிருக்கிறார்கள். அச்சு சுழன்று விழுந்துவிட்டது. வலது ஓரத்தில் சுழியம் பள்ளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கீழே நிற்கிறது, இடது ஓரத்தில் 180 அதே அளவு மேலே. ஒன்றரைப் பாகைப் பிசகு. பள்ளத்தைக் கோட்டின் மேல் சரியாக வைக்கிற நல்ல பிள்ளைக்குத்தான் இது தப்பாகக் காட்டும். சுழியக் கோட்டைப் பார்த்து ஏனோதானோவென்று வைக்கிற பிள்ளைக்குச் சரியாக வந்துவிடும். என்ன நியாயம் இது!

இதில் என்னைக் கொஞ்ச நேரம் அசர வைத்த விஷயம் ஒன்று. எப்போதும் வலது சுழியத்திலிருந்து, கோணத்தின் ஒரு கையை அடிக்கோட்டில் வைத்து அளந்தால், இந்தக் கோணமானி எல்லாக் கோணத்திலும் ஒன்றரையைக் கூட்டிச் சொல்லும். 62 என்றால் 63.5, 118 என்றால் 119.5. எல்லாவற்றிலும் ஒரே பிழை என்பதால் ‘இதுவும் அதுவும் சமமா?’ என்று கேட்கிற சோதனை அத்தனையிலும் பாஸ். கூட்டிப் பார்க்கிற சோதனையில்தான் பிழை இரட்டித்து மாட்டிக்கொள்கிறது. முக்கோணம் வரைந்து பார்த்தோம், மூன்று கோணமும் சேர்ந்து 184.5 காட்டியது. பரீட்சையில் ‘அளந்து சரிபார்’ என்று வந்தால் பிள்ளை என்ன எழுதும்? பெரும்பாலும் 180 என்று பொய் எழுதும். அதுதான் எனக்கு எரிச்சல்.

ஒன்றரைப் பாகையெல்லாம் ஒரு பிழையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்கர் பூமியின் சுற்றளவைக் கண்டுபிடித்தது இதே இசட் கோணத்தை வைத்துத்தான். சூரியக் கதிர்கள் இணைகோடுகள். எகிப்தில் சயீன் ஊரில் கோடை நடுநாளின் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல், அதே நேரம் வடக்கே அலெக்ஸாண்டிரியாவில் நிழல் ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை சாய்ந்திருந்தது. நிழல் காட்டும் கோணமும் பூமியின் நடுவில் அந்த இரண்டு ஊர்களும் அமைக்கும் கோணமும் ஒன்றுவிட்ட உட்கோணங்கள், ஆகவே சமம். ஊர்களுக்கு இடையே 5,000 ஸ்டேடியா (அந்தக் காலத்துக் கிரேக்க நீள அளவு), ஐம்பதால் பெருக்கினால் 2,50,000. அவர் கையில் என் நீலப் பெட்டிக் கோணமானியைக் கொடுத்திருந்தால் 8.7 பாகை என்று படித்திருப்பார், சுற்றளவு ஏறக்குறைய 2,07,000-க்குச் சுருங்கியிருக்கும். பூமியில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும், 140 ரூபாய்ப் பெட்டியால்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், வாதாடவில்லை. ‘இருபது வருஷமா விக்கிறேன் டீச்சர், பெட்டி துருப்பிடிச்சிருக்குன்னு வருவாங்க, கவராயம் லூஸா இருக்குன்னு வருவாங்க, கோணம் தப்பா காட்டுதுன்னு யாரும் வந்ததில்ல’ என்றார். அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று கொடுத்தார். நான் அங்கேயே கவுண்டரில் இரண்டு கோணமானிகளையும் எழுத்துள்ள பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி, பள்ளத்தின் மேல் பள்ளம் பொருந்த வைத்துப் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தால் 90 கோட்டின் மேல் 90 கோடு உட்காரும். என்னுடையதும் புதியதும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகி நின்றன, அதாவது புதியதும் கிட்டத்தட்ட அதே பக்கம் அதே அளவு பிசகு. ஒரே நாள் அச்சாக இருக்கும். மூன்றாவதாக வேறு கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது சுமார். இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது, கடையிலேயே செய்துவிடலாம். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்த பார்வையைக் கண்டுகொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

இனி தகரப் பெட்டி. 70 ரூபாய்க்கு என்ன எதிர்பார்ப்பீர்களோ அதெல்லாம் இருக்கிறது: மூடி திறக்க நகம் வேண்டும், கவராயத்தில் பென்சிலைப் பிடிக்கும் திருகு இரண்டு வட்டத்துக்குள் கழன்றுவிடும், ரப்பர் அழிப்பதற்குப் பதில் கரியைப் பூசும். ஆனால் கோணமானி அச்சு நேராக விழுந்திருக்கிறது, 62-ம் 118-ம் சுத்தமாக வந்தது.

மூலைமட்டங்களை, அதாவது அந்த இரண்டு முக்கோணங்களை, பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பெட்டியில் யாரும் தொடாத பண்டம் இதுதான், நடுவில் உள்ள ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றத்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒன்று 45, 45, 90. இன்னொன்று 30, 60, 90. செங்கோணம் உண்மையிலேயே செங்கோணமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: ஒரு நேர்கோட்டின் மேல் மூலைமட்டத்தை வைத்து நிமிர்ந்த விளிம்பை ஒட்டிக் கோடு வரையுங்கள், அப்புறம் அதே புள்ளியில் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புகிற மாதிரி அதைக் கவிழ்த்து வைத்து மறுபடி வரையுங்கள். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் செங்கோணம். இது வேறொன்றுமில்லை, நேர்கோட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு கோணமும் சேர்ந்து 180, இரண்டும் சமமாக இருந்தால் தலைக்கு 90. தகரப் பெட்டியின் மூலைமட்டத்தில் எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தது. கணக்குப் போட்டால் கோடுகளுக்கு நடுவே 0.7 பாகை, மூலைமட்டத்தின் சொந்தப் பிழை அதில் பாதி. பெரிய பெட்டியில் இருந்ததில் இடைவெளியே தெரியவில்லை.

ஆனால் இணைகோடு வரைய அந்தப் பிழை ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் வேடிக்கை. அளவுகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூலைமட்டத்தை அதன் விளிம்போடு ஒட்டி வைத்து ஒரு கோடு, கொஞ்சம் நகர்த்தி இன்னொரு கோடு. அளவுகோல்தான் குறுக்குவெட்டி. இரண்டு இடத்திலும் ஒரே மூலை உட்காருவதால் ஒத்த கோணங்கள் சமம், ஆகவே கோடுகள் இணை. அந்த மூலை 90-ஆக இருந்தால் என்ன, 89.6-ஆக இருந்தால் என்ன, நகர்த்தும்போது மாறாமல் இருந்தால் போதும். பிள்ளைகள் நம்பவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையின் மூலையைக் கத்தரிக்கோலால் இஷ்டத்துக்கு வெட்டிக் கொடுத்து, அதை வைத்து நகர்த்தி வரையச் சொன்னேன். இணைகோடு பிசகாமல் வந்தது, நோட்டு வரிகளைவிட நன்றாகவே. மறுநாள் ஒருத்தி பிஸ்கட் பாக்கெட் அட்டையில் செய்துகொண்டு வந்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் அந்த நீலக் கோணமானி சமச் சோதனைகளில் எல்லாம் தப்பித்ததும் இதே சூட்சுமத்தால்தான். மாறாத பிழையை இணைகோடு கண்டுகொள்ளாது.

மூலைமட்டத்தில் உண்மையாகப் பார்க்க வேண்டியது விளிம்பும் தடிமனும். தகரப் பெட்டி அளவுகோலின் விளிம்பு சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது, மூலைமட்டமோ காகிதம் மாதிரி மெலிசு. நகர்த்தும்போது அது அளவுகோலின் சரிவுக்கு மேல் ஏறிக்கொள்கிறது, கோடு வழுக்கிவிடுகிறது. நீலப் பெட்டியிலும் அதே கதை. அளவுகோலுக்குப் பதில் இன்னொரு மூலைமட்டத்தை வைத்து அதன் விளிம்பில் நகர்த்துங்கள், பிரச்சினை தீர்ந்தது.

260 ரூபாய்ப் பெட்டியில் குறை சொல்ல அதிகம் இல்லை. மூலைமட்டம் தடிமனாக, பெரிதாக இருக்கிறது, கவராயத்தின் திருகு பித்தளை, கோணமானியில் அரைப் பாகைகூடக் கண்ணால் பிரிக்க முடிகிறது. ஆனால் ஏழாம் வகுப்புப் பையில் அது நுழையாது, டிபன் பாக்ஸை வெளியே எடுத்தால்தான் இடம். தவிர, அடிக்கோட்டுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் அந்த ஓரத்தையே அடிக்கோடு என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள், தங்கமான கோணமானியும் தப்பாகக் காட்டுகிறது. நான் ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோட்டை அழுத்தி வரைந்துவிட்டேன்.

இதெல்லாம் எதற்கு, போனிலேயே செய்துவிடலாமே என்பீர்கள். ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியை நானும் பயன்படுத்துகிறேன். மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஆரம்பித்தது, இலவசம், நம் பாடப்புத்தகத்தின் இணையச் செயல்பாடுகளிலும் அதுதான் வருகிறது. இரண்டு இணைகோடு போட்டு, குறுக்குவெட்டியை விரலால் பிடித்து இழுத்தால் நான்கு எண்கள் ஒன்றாக ஏற, மற்ற நான்கும் ஒன்றாக இறங்கும். அந்த அசைவைக் காகிதத்தில் காட்டவே முடியாது, அதற்காகப் பத்துக்குப் பத்து கொடுக்கலாம். ஆனால் கோணம் அளக்கும் கருவியில் புள்ளிகளைத் தொடும் வரிசை மாறினால் 62-க்குப் பதில் 298 என்று வெளியே சுற்றிக்கொண்டு வந்து நிற்கும், கடிகாரம் ஓடும் திசைக்கு எதிராகத்தான் அது எண்ணும். முதல் தடவை பயன்படுத்துகிற பிள்ளை அதோடு போனைக் கீழே வைத்துவிடும். அதைவிட முக்கியம், அது தப்பே செய்யாது. 183 காட்டாது. அந்த நீலப் பெட்டி இல்லையென்றால் நான்கு உட்கோணமும் எப்போதும் 360 என்பதை என் பிள்ளைகள் அன்றைக்கு யோசித்தே இருக்க மாட்டார்கள், உண்மையைச் சொன்னால் நானும்தான்.

எதை வாங்குவது என்றால், 70 ரூபாய்ப் பெட்டியை வாங்கி, அதன் கவராயத்தைக் கடாசிவிட்டு, நல்ல கவராயம் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பெரியது. நீலப் பெட்டி பிறந்தநாள் பரிசுக்கு அழகாக இருக்கும், கோணமானியைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குவதாக இருந்தால்.

அந்தப் பழைய கோணமானியைக் குப்பையில் போடலாம் என்று எடுத்தேன், அந்தப் பையன் விடவில்லை. ‘எனக்கு வேணும் மிஸ், நான் எப்பவும் ஒன்றரையைக் கழிச்சுக்கிறேன்’ என்று வாங்கிக்கொண்டான். மூலையில் நீலப் பேனாவால் ‘-1.5’ என்று எழுதியும் வைத்திருக்கிறான். போன வாரம் காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றான்.

‘மிஸ், நாளைக்கு மட்டும் தகரப் பெட்டியைக் குடுங்களேன்.’